மஞ்சீராக் கரையில் எங்கே நடப்பது

ஜனவரி மாதத்துக் காலை. மஞ்சீரா தடுப்பணையின் கரைமேல் ஏறி நின்றிருந்தோம். கீழே சம்புப் புதர்களுக்கு முன்னால் ஈரச் சேறு. கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாமே என்று கீழே கால் வைக்கப் போனேன். உடன் வந்த வனக்காவலர் கையை நீட்டித் தடுத்தார். சேற்றில் ஒரு தடத்தைக் காட்டினார். நடுவில் வால் இழுத்த கோடு, அதன் இருபுறமும் அகலமான காலடிகள், அவற்றுக்கிடையே வயிறு உரசிப் போன வழவழப்பு. காலடிக் குழிகளில் தண்ணீர் அப்போதுதான் ஊறி நிறைந்துகொண்டிருந்தது. "மொசலி" என்றார். தெலுங்கில் முதலை. தடம் நீரிலிருந்து மேலே வந்திருந்தது. திரும்பிப் போன தடம் இல்லை. அப்படியானால் அது நமக்கும் சம்புப் புதருக்கும் இடையில் எங்கோ படுத்திருக்கிறது.

அன்று மனதில் தங்கிய கேள்வியைத் தொடர்ந்துதான் இந்தக் கட்டுரை. ஓர் ஆற்றுச் சதுப்பு நிலத்தில், அதுவும் ஒரு பெருநகரத்தின் பக்கத்தில் இருக்கும் சரணாலயத்தில், மனிதன் எங்கே நடக்கலாம், எங்கே நடக்கக் கூடாது, அதை யார் தீர்மானிப்பது?

முதலில் ஆற்றைப் பற்றி. மஞ்சீரம் என்றால் காற்சிலம்பு. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் பாலாகாட் மலைத்தொடரில், கடல் மட்டத்திலிருந்து 823 மீட்டர் உயரத்தில் பிறக்கிறது. லாத்தூர், பீதர் பகுதிகளின் கரிசல் மண்ணை வாரிக்கொண்டு தென்கிழக்காக ஓடிவந்து தெலங்கானாவுக்குள் நுழைகிறது. ஹைதராபாதை நோக்கியே வருவது போல வந்து, சங்காரெட்டி பக்கத்தில் மனம் மாறியதைப் போல வடக்கே வளைந்து, மேதக் வழியாகப் போய், நிஜாமாபாத் மாவட்டத்தில் கந்தகுர்த்தி அருகே கோதாவரியில் கலந்துவிடுகிறது. மொத்த ஓட்டம் 724 கி.மீ. ஹைதராபாதின் சொந்த ஆறு மூசி; அது கிருஷ்ணாவின் பிள்ளை. மஞ்சீரா கோதாவரியின் பிள்ளை. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

ஆறு வடக்கே திரும்புவதற்கு முன், சிங்கூர் அணைக்கும் மஞ்சீரா தடுப்பணைக்கும் இடைப்பட்ட சுமார் 36 கி.மீ. நீளம்தான் மஞ்சீரா வனவிலங்கு சரணாலயம். பரப்பு ஏறத்தாழ 20 சதுர கி.மீ. ஹைதராபாதிலிருந்து சங்காரெட்டி வழியாகப் போனால் ஒன்றரை மணி நேரப் பயணம். நீளத்தையும் பரப்பையும் சேர்த்துப் பார்த்தால் இது எப்படிப்பட்ட காடு என்று புரியும். ஒரு நாடாவைப் போல நீண்டு ஒடுங்கிக் கிடக்கிறது. சராசரியாகப் பார்த்தால் அரை கி.மீ.க்குச் சற்றே மேற்பட்ட அகலம். இருபுறமும் ஊரும் வயலும். உள்ளே ஒன்பது திட்டுகள். அவற்றில் இரண்டின் பெயர் புட்டிகட்டா, கர்ணம்கட்டா. தெலுங்கில் புட்டி என்று பரிசலையும் சொல்வார்கள், ஒரு தானிய அளவையையும் சொல்வார்கள். கர்ணம் என்றால் ஊர்க் கணக்குப்பிள்ளை. மனிதர் வாழ்க்கையோடு ஒட்டிய பெயர்கள். யாரும் மிதிக்காத கானகம் என்ற எண்ணத்தோடு இங்கே வருகிறவருக்கு இந்தப் பெயர்கள் முதல் பாடம்.

இவ்வளவு ஒடுங்கிய நிலம் எப்படிப் பிழைத்தது? இந்தக் கேள்விக்கு விடை காட்டில் இல்லை, ஹைதராபாதின் குழாய்களில் இருக்கிறது.

1908 செப்டம்பர் 28. மூசியில் வந்த வெள்ளம் ஹைதராபாதைச் சூறையாடியது. இறந்தவர்கள் சுமார் 15,000 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் நிற்கும் புளியமரத்தில் ஏறி 150 பேர் உயிர் தப்பினார்கள் என்று இன்றும் அந்த மரத்தைக் காட்டுகிறார்கள். அடுத்த ஆண்டு நிஜாம் அரசு பொறியாளர் மோட்சகுண்டம் விஸ்வேஸ்வரய்யாவை அழைத்தது. ஊருக்கு மேலே நீரைத் தேக்கி வெள்ளத்தை அடக்க வேண்டும் என்ற அவருடைய யோசனையிலிருந்து 1920இல் உஸ்மான் சாகர், 1927இல் ஹிமாயத் சாகர் என்ற இரண்டு ஏரிகள் பிறந்தன. வெள்ளத்தைத் தடுக்க வந்த ஏரிகளே ஊருக்குக் குடிநீரும் கொடுத்தன. பிறகு ஊர் வளர்ந்தது, ஏரிகள் போதவில்லை. 1965இல் மஞ்சீரா தடுப்பணையிலிருந்து முதல் கட்டமாகவும் 1981இல் இரண்டாம் கட்டமாகவும் குழாய்கள் வந்தன. 1990களின் தொடக்கத்தில் சிங்கூர் அணையிலிருந்தும் நீர் வந்தது. இப்படி மூசிக் கரையில் பிறந்த ஊர் கோதாவரிப் படுகையின் நீரைக் குடிக்கத் தொடங்கியது. குடித்த நீர் கழிவாகி மூசியில் விழுந்து கிருஷ்ணாவுக்குப் போனது. ஒரு நகரத்தின் சமையலறைகளுக்குள் இரண்டு ஆற்றுப் படுகைகள் கலந்தன.

சரணாலயம் அறிவிக்கப்பட்டது 1978இல். அதாவது தடுப்பணையும் குடிநீரும் முதலில். முதலைக்கான சட்டம் பிறகு. என் கணிப்பு இது: ஹைதராபாத் குடிக்கும் நீர் என்பதால்தான் இந்தக் கரையோரம் விற்பனை மனைகளாகவில்லை, நீர்ப்பரப்பு உல்லாசப் படகுகளின் கடையாகவில்லை. நகரத்தின் தாகம் தனக்குத் தெரியாமலேயே ஒரு சதுப்பு நிலத்துக்குக் காவல் நின்றது.

நமக்கு இது புதிதல்ல. வேடந்தாங்கலை நினைத்துப் பாருங்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகிறது என்பதை அந்த ஊர் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தார்கள். அதனால் பறவைகளைச் சுட வந்தவர்களைத் தடுத்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த லயோனல் பிளேஸிடம் அதற்கான உரிமை ஆவணமும் பெற்றார்கள். வேடந்தாங்கலில் நாம் நடப்பது எங்கே? ஏரிக்கரையில். பாசனத்துக்காகப் போட்ட மண் கரைதான் நடைவழி. மரங்கள் நிற்கும் நீர்ப்பரப்புக்குள் யாரும் போவதில்லை. சுமார் 30 ஹெக்டேர் ஏரி. ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்து போகிறார்கள். கூடுகள் அப்படியே இருக்கின்றன. காரணம், நடைவழி ஒரே பக்கத்தில் நின்றுவிடுகிறது. இந்த ஊரில் நடைபாதையை வடிவமைத்தவர் எவரும் இல்லை, நீர்ப்பாசனம்தான் வடிவமைத்தது.

மஞ்சீராவிலும் நடக்கத் தக்க இடம் அணைக்கரையும், கரையை ஒட்டி உயரமான நிலத்தில் போகும் ஊர்ப் பாதைகளும்தான். ஏன் என்பதை முதலையிடமிருந்தே கற்றுக்கொள்ள வேண்டும்.

இங்கே இருப்பது சதுப்புநில முதலை. நம் அமராவதி அணையிலும் கொள்ளிடத்திலும் இருக்கும் அதே இனம். 1970களில் இந்தியாவில் மூன்று வகை முதலைகளும் தோலுக்காகக் கொல்லப்பட்டு அருகிவிட்டன. 1972 வனவிலங்குச் சட்டம் அவற்றை முதல் பட்டியலில் வைத்தது. ஐ.நா. அமைப்புகளின் உதவியோடு 1975இல் முதலைப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. ஆற்றங்கரைகளில் முட்டைகளைச் சேகரித்து, பண்ணைகளில் பொரிக்கவைத்து, குட்டிகளைத் தப்பிப் பிழைக்கும் அளவுக்கு வளர்த்து மீண்டும் ஆற்றில் விடுவதுதான் அதன் அடிப்படை வேலை. ரோமுலஸ் விட்டேக்கர் சென்னைக்குத் தெற்கே முதலைப் பண்ணையைத் தொடங்கியதும் அதே காலம். முதலை வளர்ப்பில் வனத்துறையினருக்குப் பயிற்சி கொடுக்கும் மத்திய நிறுவனம் ஹைதராபாதில்தான் அமைந்தது. மஞ்சீரா இந்த முயற்சிகளுக்குள் முளைத்த சரணாலயம். முதலில் இதை முதலைச் சரணாலயம் என்றே சொன்னார்கள்.

இந்த விலங்குக்குக் கரை என்பது வீடு. பனிக்காலக் காலைகளில் உடம்பைச் சூடேற்றிக்கொள்ள நீரைவிட்டு வெளியே வந்து படுக்கிறது. வாயைத் திறந்தபடி கிடப்பது கோபமல்ல, வெப்பத்தைச் சமன் செய்துகொள்ளும் வழி. கோடையில் நீர் வற்றும்போது கரையில் வளை தோண்டி அதற்குள் ஒடுங்கிக்கொள்ளும். நாம் நிற்கும் மண்ணுக்கு அடியிலேயே அந்த வளை இருக்கலாம். நிலத்தின் மீது நெடுந்தூரம் நடந்து வேறு நீர்நிலைக்கும் போகும். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை பெண் முதலை கரை மேட்டில் குழி தோண்டி 25, 30 முட்டைகள் இட்டு மூடிவைத்துப் பக்கத்திலேயே காவல் இருக்கும். முட்டையிலிருந்து ஆண் வருமா பெண் வருமா என்பதை அந்த மண்ணின் சூடு தீர்மானிக்கிறது. குஞ்சுகள் மழைக்காலத் தொடக்கத்தை ஒட்டி வெளிவரும். உள்ளிருந்து அவை எழுப்பும் குரல் கேட்டுத் தாய் மண்ணைப் பறித்து, வாயில் எடுத்துக் கொண்டுபோய் நீரில் விடும்.

இந்த ஒழுங்கில் மனிதன் நடப்பதற்கு எங்கே இடம் இருக்கிறது? நீரோரத்துக்கும் மேட்டுக்கும் நடுவே உள்ள அந்த 20, 30 அடி சேறும் மணலும்தான் வெயில் காயும் இடம், வளை தோண்டும் இடம், முட்டையிடும் இடம். சுற்றுலாத் திட்டங்களை வரைகிறவர்கள் முதலில் கோடு போட விரும்புவதும் அந்த 20, 30 அடியிலேதான். நீரை ஒட்டி நடந்தால்தான் அழகு என்று நினைக்கிறார்கள். ஏரியைச் சுற்றிக் கல் பதித்து, கம்பி வேலி போட்டு, விளக்குக் கம்பங்கள் நட்டுவிடும் வழக்கம் எல்லா ஊர்களிலும் இருக்கிறது. மஞ்சீராவில் அப்படிச் செய்தால் சரணாலயம் என்ற பெயர் மட்டும் மிஞ்சும்.

பறவைகளும் இதே கருத்தைத்தான் வேறு விதமாகச் சொல்கின்றன. 1930களின் தொடக்கத்தில் சாலிம் அலி நிஜாம் அரசின் ஆதரவோடு ஹைதராபாத் சமஸ்தானம் முழுவதும் பறவைக் கணக்கெடுப்பு நடத்தினார். சிங்கூர் அணையோ மஞ்சீரா தடுப்பணையோ அப்போது கிடையாது. நின்று தேங்கும் நீரும் சம்பும் அணைகளோடு சேர்ந்து வந்தவை. இன்று இங்கே மஞ்சள்மூக்கு நாரை, நத்தைக்குத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா, நாமக்கோழி எல்லாம் வாழ்கின்றன. குளிர்காலத்தில் இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்துகள் வருகின்றன. இவை இரவில் வயல்களில் மேய்ந்துவிட்டுப் பகலில் மணல் திட்டுகளிலும் சேற்று மேட்டிலும் இளைப்பாறும். காலை உலாவுக்கு நாம் கிளம்பும் நேரம்தான் அவை ஓய்வெடுக்கும் நேரம். ஒருமுறை கிளப்பிவிட்டால் திபெத்துக்கும் மங்கோலியாவுக்கும் திரும்பிப் போகச் சேர்த்துவைக்கும் கொழுப்பில் கொஞ்சம் எரிந்துவிடும்.

கரைமேல் நடந்த அனுபவத்தில் ஒன்று தெரிந்துகொண்டேன். நேராகத் தங்களை நோக்கி வரும் ஆளைக் கண்டால் பறவைகள் தொலைவிலேயே பறந்துவிடும். பக்கவாட்டில், ஒரே வேகத்தில், நிற்காமல் கடந்து போகும் ஆளைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். அன்று அணைக்கரையில் இடையர் ஒருவர் எருமைகளை ஓட்டிக்கொண்டு போனார். நாமக்கோழிக் கூட்டம் அசையவில்லை. அவர் போன அதே தடத்தில், கேமராவை உயர்த்தி நான் நின்றதும் கூட்டம் நீரில் ஓடி எழும்பிப் போயிற்று. நடைவழி எந்தத் திசையில் போகிறது என்பதும், நடப்பவர் எங்கே நிற்கிறார் என்பதும் அந்த வழியின் நீளத்தைவிட முக்கியம். நின்று பார்க்க வேண்டுமென்றால் மறைப்போடு கூடிய ஓர் இடம் வேண்டும். எல்லா இடத்திலும் நிற்க முடியாது.

இன்னொன்று, இங்கே நிலம் ஓரிடத்தில் நிலையாக இல்லை. இந்த 36 கி.மீ.யின் நீர்மட்டம் மழையைப் பொறுத்தது. அதைவிட சிங்கூரில் கதவு திறப்பதைப் பொறுத்தது. சிங்கூரின் கொள்ளளவு சுமார் 30 டி.எம்.சி. அது நிறைந்து திறக்கும் ஆண்டில் நீர் கரையை முட்டும். வறண்ட ஆண்டில் ஆற்றின் எலும்புக்கூடு தெரியும். 2016இல் அதைக் கண்ணால் கண்டோம். சிங்கூரும் மஞ்சீராவும் வற்றி, ஹைதராபாதுக்கு அங்கிருந்து வரும் குடிநீர் நின்றது. அதே ஆற்றின் மேல்பகுதியில் இருக்கும் லாத்தூருக்கு, மிரஜ் நகரிலிருந்து சுமார் 340 கி.மீ. தூரம் ரயிலில் தண்ணீர் கொண்டுபோனார்கள். 2016 ஏப்ரலில் முதல் ரயில் 10 தொட்டிகளில் 5 லட்சம் லிட்டர் கொண்டுவந்தது. லாத்தூர் ரயிலைப் பற்றி நாடே பேசியது. அதே ஆற்றின் கீழ்ப்பகுதியில் குட்டைகளாகச் சுருங்கிய நீரில் இருந்த முதலைகளைப் பற்றிப் பேசியவர்கள் மிகச் சிலர்.

இப்படிக் கூடியும் குறைந்தும் இருக்கும் நீருக்குப் பக்கத்தில் நிரந்தரப் பாதை போட முடியாது, போடவும் கூடாது. வெள்ள ஆண்டில் பாதை முழுகும். வறண்ட ஆண்டில் நீரிலிருந்து வெகு தள்ளி நிற்கும், உடனே யாராவது அதை நீட்டச் சொல்வார்கள். கரிசல் மண் வேறு ஒவ்வொரு வெள்ளத்திலும் வந்து படிகிறது. இதே ஆற்றில் இன்னும் கீழே இருக்கும் நிஜாம்சாகர் அணை 1931இல் கட்டி முடித்தபோது ஏறத்தாழ 29.7 டி.எம்.சி. நீரைத் தேக்கியது, வண்டல் படிந்து பிற்காலத்தில் அது 17.8 டி.எம்.சி.யாகக் குறைந்தது. மஞ்சீரா தன் கரையைத் தானே எழுதி அழிக்கும் ஆறு. நடைவழியை ஆண்டுதோறும் நவம்பரில், நீர்மட்டம் தெரிந்த பிறகு, ஊர்க்காரர்களையும் காவலர்களையும் வைத்துக் குறித்துக்கொள்வதுதான் சரி. சுண்ணாம்புக் கோடும் நாலு மூங்கில் கம்புகளும் போதும்.

நடக்கிறவர்கள் பார்க்க வேண்டியது பறவையை மட்டுமல்ல. சங்காரெட்டிக்குப் போகும் வழியில் பட்டன்செரு இருக்கிறது. ஹைதராபாதின் மருந்து ஆலைகள் குவிந்த இடம். அங்கிருந்து கழிவை வாங்கிக்கொண்டு போகும் ஓடைகள் நக்கவாகு வழியாக மஞ்சீராவில் சேருகின்றன. 2007இல் ஸ்வீடனைச் சேர்ந்த யோகிம் லார்சன் குழு வெளியிட்ட ஆய்வில், பட்டன்செரு பகுதியின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் நீரில் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்ததாகப் பதிவாகியிருக்கிறது. உலகத்தின் கவனம் அப்போதுதான் பட்டன்செருவின் பக்கம் திரும்பியது. அதற்கு முன் பல ஆண்டுகளாக அந்த ஓடைக்கரை விவசாயிகள் தங்கள் கிணறும் மாடும் கெட்டுப்போவதை முறையிட்டு வந்திருந்தார்கள். ஓடையின் ஓரம் நடந்தவர்கள்தான் முதலில் அறிந்தவர்கள்.

இப்போது முன்பு சொன்ன தாகத்துக்குத் திரும்ப வேண்டும். ஹைதராபாத் இன்று பெருமளவு குடிப்பது தொலைவிலிருந்து வரும் கிருஷ்ணா நீரும் கோதாவரி நீரும்தான். மஞ்சீராவின் பங்கு சுருங்கிவிட்டது. இதனால் என்ன ஆகும் என்பதற்கு ஊருக்குள்ளேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் ஏரிகளைச் சுற்றி 10 கி.மீ. வட்டத்தில் 84 கிராமங்களில் கட்டடங்களைக் கட்டுப்படுத்தி 1996இல் பிறந்தது அரசாணை எண் 111. 2022 ஏப்ரலில் அந்தக் கட்டுப்பாடுகளை விலக்க இன்னோர் அரசாணை வந்தது. சொல்லப்பட்ட காரணம், நகரம் இனி குடிநீருக்கு இந்த ஏரிகளை நம்பியில்லை என்பது. தாகம் தீர்ந்தால் காவலும் தீரும் என்ற கணக்கு இது. ஏரி ஊருக்குக் குடிநீர் தருவதற்காக மட்டும் இருக்கிறது என்று எண்ணியவர்களின் கணக்கு. வெள்ளத்தைத் தடுப்பதற்காக அந்த ஏரிகள் கட்டப்பட்டன என்பதையே அது மறந்துவிட்டது.

மஞ்சீராவுக்கும் நாளை இதே கணக்கு வந்துவிடுமோ என்று நான் அஞ்சுகிறேன். 2025 தொடக்கத்தில் தமிழ்நாட்டில் 20 ராம்சர் தலங்கள், அதாவது உலக அளவில் முக்கியமென்று பட்டியலிடப்பட்ட சதுப்பு நிலங்கள், இருந்தன. தெலங்கானாவில் அப்போது ஒன்றுகூட இல்லை. ஹைதராபாதின் புறநகரில் அமீன்பூர் ஏரி 2016இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. நகர்ப்புற நீர்நிலை ஒன்றுக்கு அந்தத் தகுதி கிடைத்தது அதுவே முதல்முறை. அறிவிப்புக்குப் பிறகும் அதன் நாலாபுறமும் அடுக்குமாடிகள் நெருங்கிக்கொண்டே இருக்கின்றன. அறிவிப்புப் பலகை மட்டும் ஒரு நீர்நிலையைக் காக்காது என்பதை அங்கே போய் நின்றால் கண்ணால் காணலாம். பலகையோடு ஆட்களும் வேண்டும். வாரம் தவறாமல் போய், என்ன இருந்தது, என்ன இல்லை என்று எழுதிவைக்கும் ஆட்கள். குழாய் நீரைக் குடிப்பவர்களின் தாகம் காத்த கரையை இனி அதன்மேல் நடப்பவர்களின் அக்கறை காக்க வேண்டும். நடைவழிகளைப் பற்றி நான் இவ்வளவு எழுதுவது அதனால்தான்.

செகந்திராபாதிலும் ஹைதராபாதிலும் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல. அவர்களுக்கும் அங்கே வேலைக்குப் போயிருக்கும் இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நவம்பரிலிருந்து பிப்ரவரி முற்பாதிக்குள், விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேருங்கள். வனத்துறையின் அனுமதியோடு, காவலர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு, அணைக்கரைமேல் நடங்கள். பறவைகளை எண்ணி எழுதிவையுங்கள், அடுத்த ஆண்டு அதே வாரத்தில் மீண்டும் போங்கள். நீர் எவ்வளவு கிட்டத்தில் தெரிந்தாலும் கீழே இறங்காதீர்கள். கரையோரப் பாதை போடப் போகிறோம் என்று யாராவது வரைபடத்தோடு வந்தால், முட்டையிடும் மேடு எது என்று முதலில் அவர்களைக் கேளுங்கள்.

பிப்ரவரி பின்பாதியிலிருந்து ஜூன் வரை அந்தப் பக்கம் போகாமல் இருந்துவிடுங்கள். அந்த மாதங்களில் மஞ்சீராவின் மண்ணுக்கு அடியில் முட்டைகள் இருக்கும்.